வரைபடத்துத் தெரு

எம் இல்லத்தின் முன்னே ஒரு தெரு உண்டு. அஃது உண்டென்பது நெடுங்காலம் காகிதத்தால் அறியப்பட்டதேயன்றிக் கண்ணால் அறியப்பட்டதன்று. எம்மைக் காண வரும் நண்பர்கள், திண்டுக்கல்லினின்று வத்தலக்குண்டு செல்லும் சாலையில் இறங்கி, மலைக்கோட்டையைப் பின்னும் சிறுமலையை இடப்புறத்தும் விட்டுச் சிறிது தூரம் நடந்தபின், "தெரு எங்கே?" என்று தொலைபேசியில் வினவுவது வழக்கம். "நீவிர் நிற்குமிடமே தெரு" என்று யாம் விடை பகர்வோம். அவர்கள் சுற்றுமுற்றும் நோக்குவர். சீமைக் கருவேல முள்ளும், அம்முள்ளினூடே மூன்றடி அகலத்தில் ஓர் ஒற்றையடிப் பாதையும், பாதையின்மேல் ஆட்டுப் புழுக்கையுமன்றிப் பிறிதொன்றும் காணார். 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அதன் நிலை இதுவே.

நம் கல்லூரி மலருக்கு யாதேனும் எழுதுமாறு ஆசிரியர் பணித்தபொழுது, பழைய மாணவர் பலர் தாம் கண்ட தேசங்களையும் வகித்த பதவிகளையும் குறித்து எழுதுதல் கண்டு, யாமும் அங்ஙனம் எழுத எண்ணினோம். எம்மிடம் தேசமுமில்லை, பதவியுமில்லை. 120 கெஜ நீளமுள்ள தெரு ஒன்றே உள்ளது. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

எம் தெரு 1988-ஆம் ஆண்டிற் பிறந்தது. அதற்கு முன் அவ்விடம் மானாவாரிச் சோளக்காடு. நிலத்துக்குரியவர் அதனை 30 அடிக்கு 40 அடியாக 24 மனைகளாக வகுத்து, பக்கத்துக்குப் பன்னிரண்டாக நிறுத்தி, நடுவே 20 அடி அகலத்தில் ஒரு தெருவை வரைந்து, அவ்வரைபடத்தை அச்சிட்டு வழங்கினார். மனைகள் வெண்மை, தெரு மஞ்சள். மாதத் தவணை, தவணை முடிந்தோர்க்கு ஓர் எவர்சில்வர் குடம். தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்த எம் தந்தையார் அம்மஞ்சள் நிறத்தைக் கண்டே மனை வாங்கியதாகப் பலகாற் கூறுவர். அக்குடம் இன்றும் எம் அடுக்களையில் உள்ளது; வரைபடம் டிரங்குப் பெட்டியில் உள்ளது. மஞ்சள் மாத்திரம் சற்று வெளுத்தது.

திண்டுக்கல் 1866-ஆம் ஆண்டிலேயே நகராட்சியான பழைய ஊர். 2014-ஆம் ஆண்டில் மாநகராட்சியுமாயிற்று. பேகம்பூரிலும் நாகல்நகரிலும் உள்ள தெருக்களுக்குப் பெயருண்டு, விளக்குண்டு, கூட்டுவார் உண்டு. நகரின் எல்லை எம் சோளக்காட்டை எட்டிற்றிலது. விலை மாத்திரம் எட்டிற்று. இஃது எம் தெருவுக்கே உரிய விதியன்று. தமிழ்நாட்டில் எந்த நகரின் புறத்தே சென்றாலும், காட்டினிடையே நட்ட வெள்ளைக் கற்களையும், தெருவென்று பெயர் பெற்று முள் மண்டிக் கிடக்கும் வெளிகளையும் காணலாம்.

எம் 24 மனைகளில் வீடெழுந்தவை ஐந்தே. ஏனையவற்றை வாங்கினோர் திருப்பூரிலும் அரபு நாடுகளிலும் இருந்துகொண்டு, விலை ஏறுமென்று காத்திருந்தனர். விலை ஏறுமுன் முள் ஏறிற்று. சீமைக் கருவேலம் நம் நாட்டு மரமன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று 19-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்குக் கொணரப்பட்டது. அதன் காய் இனிப்புடையது. ஆடு விரும்பித் தின்னும். விதையோ செரியாமற் புழுக்கையோடு வெளிப்பட்டு, விழுந்தவிடத்தில் முளைக்கும். அடியில் வெட்டினால் வெட்டிய கட்டையினின்று பல கிளைகள் வெடிக்கும். வேரோடு பறித்தாலன்றி ஒழியாது. 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்து மதுரைக் கிளை இதனை அகற்றுமாறு ஆணையிட்டபொழுது, ஊர்தோறும் இயந்திரங்கள் உறுமின. எம் தெருவுக்கு ஒன்றும் வந்திலது. அஃது அரசினர் நிலமுமன்று. தமதென்று அந்நாளில் எவரும் உரிமை பேசிய நிலமுமன்று.

அங்ஙனமே இருந்திருப்போம். 2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அடைமழை பெய்த ஓரிரவில், எம் அன்னையாருக்கு மூச்சுத் திணறிற்று. 108 ஊர்தி பெருஞ்சாலை வரை விரைந்து வந்தது, அதற்கப்பால் வரவியலவில்லை. ஊர்தியினின்று இறங்கிய இளைஞர் இருவரும், எதிர்வீட்டு ஆலைக்காரரும், யாமுமாக, அன்னையாரை ஒரு மர நாற்காலியில் அமர்த்திச் சேற்றினூடே தூக்கிச் சென்றோம். கைவிளக்கைப் பற்றி முன்னே நடந்தவர் ஆடு வளர்க்கும் அம்மையார். 120 கெஜத்தைக் கடக்க ஏறத்தாழக் கால் மணி நேரமாயிற்று. அன்னையார் பிழைத்தார். முழங்கையினின்று மணிக்கட்டு வரை முள் கிழித்த தழும்பு அவர்க்கு இன்றும் உண்டு. மருத்துவமனையிற் கண் விழித்ததும் அவர் கூறிய முதற்சொல், "அந்தப் பிள்ளைகள் கால் என்ன ஆயிற்று?" என்பது.

அன்றே தெருவைத் திருத்துவதென்று உறுதி பூண்டோம். உறுதி பூண்டவர்க்கு முதலில் எழுந்த வினா: தெரு யாருடையது?

உள்ளாட்சி அலுவலகத்தில் வினவினோம். தெருவைத் தானப்பத்திரம் எழுதி எவரும் ஒப்படைத்திலராதலின், அஃது அவர்தம் பதிவேட்டில் இல்லை என்றனர். வருவாய்த் துறையில் வினவினோம். மனைகள் போக எஞ்சிய நிலத்தின் பட்டா, 2004-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற விற்பனையாளர் பெயரிலேயே நின்றது. 7,200 சதுர அடி, அதாவது பதினாறரை செண்டுக்குச் சற்று மிகுதி, இறந்தவர் ஒருவரின் உடைமையாக முள் வளர்த்துக்கொண்டிருந்தது.

யாம் வழக்கறிஞரல்லோம், எனினும் சில நூல்களைப் புரட்டினோம். நகராட்சிகளுக்கென 1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டமே, நிலத்தை வீட்டுமனைகளாக விற்போர் அவற்றுக்குத் தெரு அமைத்துத் தரவேண்டும் எனக் கூறிற்று. தனியார் தெரு செப்பனிடப்படாதிருப்பின், அதனை அடுத்துள்ளோர்க்கு அறிவிப்புக் கொடுத்துச் செப்பனிடச் செய்யவும், அவர் செய்யாவிடின் நகராட்சியே செய்து செலவை அவர்பால் வசூலிக்கவும் அது வழி வகுத்தது. அச்சட்டத்தினிடத்தை 2023-ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் பெற்றது. எம்மிடம் நகராட்சியே இல்லாமையின், எம்மை அவ்வறிவிப்பாலும் அச்சுறுத்துவார் இலர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்தலாகாது என உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டில் அரசினர் விதிகள் இயற்றி, முன்னரே விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தினர். எம் தந்தையார் வரிசையில் நின்று எம் மனையை முறைப்படுத்திக்கொண்டார். 24 மனைகளில் ஏறத்தாழப் பாதி அவ்வாறு முறையாயின. தெருவை முறைப்படுத்த எவரும் முன்வந்திலர். என்னை? தெருவுக்குக் கிரயப்பத்திரம் உடையார் எவருமிலர்.

இங்கிலாந்திலும் இத்தகைய தெருக்கள் பல என்று அறிந்து சிறிது ஆறுதல் கொண்டோம். உள்ளாட்சி தத்தெடுக்காத சாலைகள் என்று அவற்றுக்கு அங்கே பெயர். அவற்றைச் செப்பனிட்டு, செலவை இருமருங்கிலும் வாழ்வோர்பாற் பெறுதற்கு 1892-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வகுத்தனர். அன்றியும், வேறு சான்று இல்லாதவிடத்து, சாலையின் நடுக்கோடு வரையுள்ள மண் அவ்வப் பக்கத்து நிலத்துக்குரியவருடையதெனக் கொள்வது அந்நாட்டு வழக்கு. இதனை எதிர்வீட்டு ஆலைக்காரரிடம் கூறினோம். நூற்பாலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்த அவர், "இதற்குச் சீமைக்குப் போகவேண்டுமா தம்பி? நடுவிலிருந்து இந்தப் பக்கத்து விறகு என்னுடையது என்று நான் எந்நாளும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார்.

விறகு என்றவுடன் வழக்குத் தொடங்கிற்று. கரிமூட்டம் போடுவோர் ஒருவர் மரங்களை வேரோடு எடுத்துக்கொண்டு 11,000 ரூபாய் தருவதாக வந்தார். முப்பதாண்டுகளாக எவரும் தமதென்று கூறாத முட்கள், மறுநாட் காலையில் நான்கு உடைமையாளரைப் பெற்றன. ஆலைக்காரர் தம் பாதியைக் கேட்டார். மூலை வீட்டார் தெருவின் கடைக்கோடி முழுதும் தமது என்று, அங்கே இரும்புக் கதவொன்றை நட்டு, ஒரு மாங்காய்ப் பூட்டும் இட்டார். (திண்டுக்கற் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-ஆம் ஆண்டிற் கிடைத்தது. அதன் உறுதியை யாம் ஐயுற்றதில்லை. எம் தெருவிலேயே சோதிக்கப்படும் என்று எண்ணியதுமில்லை.) ஆடு வளர்க்கும் அம்மையாரோ பணமே கேட்டிலர். "முள்ளை எடுத்துவிட்டால் என் ஆடு எதைத் தின்னும்? நாய் வந்தால் எங்கே ஒளியும்? உங்களுக்கு வழி வேண்டும், தம்பி, எனக்கு வேலி வேண்டும்" என்றார். அன்றிரவு விளக்குப் பிடித்த கை அது. யாம் விடை கூற அறியாது நின்றோம். நான்காம் உடைமையாளர் விற்பனையாளரின் மகனார். அவர் பட்டாவின் நகலோடு வந்து, நிலம் தம் தந்தையாருடையது என்றார். மூலை வீட்டார் கதவு நட்டதன் காரணமும் அன்றே வெளிப்பட்டது: கடைக்கோடி மூன்று செண்டை 60,000 ரூபாய்க்கு அவர்பால் வாங்கிக்கொள்ள வெள்ளைத்தாளில் ஓர் ஒப்பந்தம்.

இங்கே யாம் சினங்கொண்டோம் என்பதை மறைப்பானேன்? எம் அன்னையாரை நாற்காலியிற் சுமந்த வழியை ஒருவர் விற்கவும் ஒருவர் வாங்கவும் துணிந்தனரே என்று கொதித்தோம். வேம்பினடியிற் கூடிய கூட்டத்தில், தில்லி மாநகராட்சியைப் பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியதை எடுத்துரைத்தோம். மனைப்பிரிவின் வரைபடத்திற் பொதுவுக்கென ஒதுக்கிய இடத்தை அதன் உடையவர் பின்னர்த் தம் விருப்பம்போல் விற்றற்கியலாது. பொதுமக்கள்பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாளர்போல் அதனை வைத்திருப்பவரே அவர் என்பது அதன் கருத்து. டிரங்குப் பெட்டியினின்று மஞ்சள் வரைபடத்தையும் எடுத்து விரித்தோம். நில அளவரைக் கொணர்ந்து அளந்தே தீர்வதென்றும், வரைபடத்திற் கண்ட 20 அடிக்குள் நிற்பது யாதாயினும், எவருடையதாயினும், அகற்றப்பட வேண்டும் என்றும் முழங்கினோம். "எவருடையதாயினும்" என்பதை இருமுறை கூறினோம். ஆலைக்காரர் மாத்திரம் எம்மை நோக்காது தரையை நோக்கியிருந்தார். அதன் பொருளை அன்று அறிந்திலோம்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உரிய கட்டணம் செலுத்தியபின், நில அளவர் வந்தார். சர்வே எண்ணின் மூலைக்கற்களைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து நாடா பிடித்து வரைபடத்தின்படி தெருவைக் குறித்துக்கொண்டு வந்தார். இருமருங்கும் சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டே ஒருவர் பின்தொடர்ந்தார். அவ்வெண்கோடு எம் மதிலண்டை வந்தது; மதிலிற் புகுந்தது; நில அளவர் எம் வாயிற்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே சென்று, அன்னையாரின் மல்லிகைப் பந்தலுக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் அப்பாற் போய், "இங்கே தோண்டுங்கள்" என்றார். ஒரு முழ ஆழத்தில் மனைக்கல் தென்பட்டது. எம் மதில் தெருவினுள் மூன்றரை அடி நின்றது.

எதிரே ஆலைக்காரர் மதிலும் அவ்வாறே மூன்றரை அடி. 20 அடித் தெரு எம் இரு வீடுகளின் நடுவே 13 அடியாயிருந்தது. முள்ளின் பின்னே நின்றமையால் அது கண்ணிற் படவில்லை.

கூட்டம் கலைந்தபின் ஆலைக்காரர் எம்மருகே வந்தார். "1994-இல் வாத்தியார் மதில் எடுத்தார். துவைக்கிற கல்லுக்கு இடம் போதவில்லை என்றார். கயிற்றின் அந்த முனையை நான்தான் பிடித்தேன். கொஞ்சம் முன்னே போட்டுக்கொள்ளுங்கள், யார் வரப்போகிறார்கள் என்று சொன்னதும் நான்தான். அடுத்த வருஷம் நான் எடுத்தேன். அவர் கயிறு பிடித்தார்" என்றார். எம் தந்தையார் 2019-ஆம் ஆண்டிற் காலமானார். வாழ்நாளில் ஒரு சுண்ணக்கட்டியைப் பள்ளியினின்று வீட்டுக்குக் கொணராதவர் என்று அவரைப் பற்றி யாம் பிறரிடம் பெருமை பேசியதுண்டு. அது பொய்யுமன்று.

அன்றிரவு எமக்குத் தோன்றிய எண்ணங்களை உள்ளவாறே கூறுவோம். மூன்றரை அடி போயினும் 13 அடியில் ஊர்தி வரலாமே என்று எண்ணினோம். பன்னிரண்டாண்டுக்கு மேல் ஒருவர் கையிலிருந்த நிலம் அவருடையதாகும் என்று எங்கோ கேட்டதை நினைவுகூர்ந்து, தெருவுக்கும் அது பொருந்துமோ என்று நூலைப் புரட்டினோம். மூலை வீட்டார் 60,000 ரூபாய் கொடுத்தேனும் கொண்டார்; எம் குடும்பம் ஒன்றும் கொடுத்திலது என்பது பிற்பாடுதான் உறைத்தது. அன்னையாரிடம் சென்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அவர் கட்டினார், நீ இடிக்கிறாய். என்னை ஏன் கேட்கிறாய்? மல்லிகையை மழை தொடங்கின பிறகு பெயர்த்து வைக்கலாமா என்று மட்டும் கேள்" என்றார். மழைக்குக் காத்திருக்க எமக்குப் பொறுமையில்லை. ஜூலை முதல் வாரத்தில் மதிலை இடித்தோம். வேரைச் சுற்றி மண்ணோடு எடுத்துப் பின்கட்டில் வைத்த மல்லிகை, 28 ஆண்டு நின்றவிடம் மாறியதாற் போலும், தழைக்கவில்லை. நிலக்கோட்டையிலிருந்து புதிய நாற்று வாங்கிக் கொடுத்தோம். அதில் அன்னையார் பூப் பறிப்பதில்லை.

ஆலைக்காரர் முதலில் இணங்கவில்லை. "வாத்தியார் இருந்தால் இடித்திருக்கமாட்டார்" என்றார். ஒரு திங்கள் கழித்துத் தாமே இடித்தார். எம்மைக் கண்டு மனம் மாறினார் என்று எழுத ஆசைதான். உண்மை யாதெனில், அவர் புதல்வர் சென்னையிற் கார் வாங்கிவிட்டார்.

எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறுவோம். ஜே.சி.பி. இயந்திரம் இரண்டு நாள் உழைத்து முள்ளை வேரோடு பெயர்த்தது. கூலி 18,000 ரூபாய். ஆடு வளர்க்கும் அம்மையார் நீங்கலாக நால்வரும் 4,500 ரூபாய் வீதம் கொடுத்தோம். கரிக்காரர் தந்த 11,000 ரூபாயை அம்மையாரிடமே கொடுப்பதென்று முடிவாயிற்று. ஆலைக்காரர் தம் பாதியைப் பற்றி அதன்பின் வாய் திறந்திலர். திருப்பூரிலுள்ள ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் மனையில் ஆடு கட்ட இசைவு கேட்டோம். மனையில் முள் வளராமற் பார்த்துக்கொள்வதாயின் தடையில்லை என்றார். அம்மையார் அப்பணத்தில் அங்கே கம்பி வேலி இட்டார். மூலை வீட்டார் கதவைக் கழற்றினார், தூண்களைக் கழற்றவில்லை. கொடுத்த பணத்திற் பாதியே திரும்பிற்றாம். மீதி வரும்வரை தூண் நிற்கும் என்கிறார். ஊர்தி செல்ல அத்தூண்கள் இடையூறல்ல. ஆதலின் யாமும் வற்புறுத்தினோமில்லை. இடிக்கப்படாத மதிலுடையவரைப்போற் பேசும் தகுதி எமக்கு அக்காலத்தில் இல்லாதிருந்தது.

விற்பனையாளரின் மகனாரைப் பற்றி ஒரு சொல். அவரை யாம் தொடக்கத்தில் எண்ணிய அளவு தீயவராகப் பின்னர் எண்ணக்கூடவில்லை. தந்தை விட்டுச் சென்ற நிலம் என ஒரு காகிதம் கையிலிருக்கும்பொழுது அதனை நம்புவது இயல்பே. யாமும் ஒரு மதிலை அங்ஙனமே நம்பினோம். வாரிசுச் சான்றும் உடன்பிறந்தார் கையொப்பமும் பெற்று, தெருவை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர இசைந்தார். பதிவுச் செலவை நாங்கள் ஏற்பதென்பது உடன்படிக்கை. உடன்பிறந்தாருள் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். தை பிறந்ததும் வருவார் என்றார். ஒரு தை சென்றது. மற்றொரு தையும் சென்றது.

தானப்பத்திரத்தின் வரைவு, மஞ்சள் வரைபடத்தோடு டிரங்குப் பெட்டியில் உள்ளது. மழைக்குப்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெருவில் விரலளவு முளைத்த கருவேலங் கன்றுகளைக் காலை வெயில் ஏறுமுன் பறிக்கிறோம். ஆலைக்காரர் தம் பக்கத்தினின்று நடுவரை வருவார்; யாம் எம் பக்கத்தினின்று நடுவரை செல்வோம். நடுவில் முளைத்தவற்றை அன்னையார் கைத்தடியாற் சுட்டிக் காட்டுவார். கிட்ட நிற்பவர் பறிப்பார்.